கோடு போட்ட ஏழு

"ஹெல்பர்லாம் அதுல சேர மாட்டாங்கம்மா" என்றார் மதிப்பீட்டாளர், திரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் மேசைமேல் அவள் வைத்திருந்தது மதிப்பீட்டு அறிக்கையின் கடைசிப் பக்கம். எந்த விமானத்துக்கு விலை சொன்னாலும், சொல்கிறவர் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். 'இந்த விமானத்தின் உரிமையாளரோடோ, அவரிடம் பணிபுரிவோரோடோ எனக்கு உறவோ ஆதாயமோ கிடையாது' என்று ஒரு வரி. இரண்டு வருடமாக அந்த வரியை மற்றவர்களுக்காக அவள் அடித்துக் கொடுத்திருக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் தேர்வில் தேறி, தன் பெயர் போட்ட முத்திரையைக் கையில் வாங்கினாள். அந்த முத்திரை விழப்போகும் முதல் விமானம், அவள் அப்பா வேலை பார்க்கிற விமானப் பயிற்சிப் பள்ளியின் விமானமாக வந்து வாய்த்தது.

"சார், எங்கப்பா அங்க பதினேழு வருஷமா இருக்காரு. நான் போனா சரியா வராது."

"உங்கப்பா என்ன அங்க மேனேஜரா? பார்ட்னரா? இறக்கையைத் தொடைக்கிறவரு. விமானத்தோட விலைக்கும் அவருக்கும் என்னம்மா சம்பந்தம்?" இப்போதுதான் நிமிர்ந்தார். "முதல் வேலை. வேணாம்னா சொல்லிடு. வாங்கிக்கறதுக்கு இங்க ஆளா இல்ல?"

உறவு என்றால் உறவு. அதில் மேனேஜர் உறவு, ஹெல்பர் உறவு என்று தரம் உண்டா? அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டு கேமராப் பையைத் தோளில் மாட்டினாள். முதல் வேலை என்கிற ஆசை. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. பின்னால் யோசிக்கும்போதெல்லாம் அவளுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது இதன் மேல்தான். தன் அப்பாவை ஒருத்தர் ஆள் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அதைக் கேட்டுக்கொண்டு பையை எடுத்தாளே, அதன் மேல்.

முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் ஒரு சுற்று நடந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அப்பா துவைத்த துணியை மடிப்பதை நிறுத்தினார்.

"நீ வராத. வேற யாரையாவது அனுப்பச் சொல்லு."

"ஏன்?"

"சொன்னா கேளேன். லீவு போடு. காய்ச்சல்னு சொல்லு."

"நான் அங்க வந்து நிக்கறது உங்களுக்குக் கேவலமா இருக்கா?"

அவர் மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தார். அம்மா நடுவில் வந்து, "ஏங்க, பொண்ணு ஆபீசரா வந்து நின்னா உங்களுக்குப் பெருமை இல்லையா? நாலு ஞாயித்துக்கிழமை லீவு கூட எடுக்காம ஓடினீங்களே, அந்த முதலாளி பார்க்கட்டுமே" என்றாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். கேவலம்தான் போலிருக்கிறது என்று அவள் முடிவு கட்டினாள். அந்த நாலு ஞாயிற்றுக்கிழமை அவள் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

பயிற்சிப் பள்ளியில் முதலாளி வாசலுக்கே வந்து வரவேற்றார். பளபளப்பான ஷூ, அதைவிடப் பளபளப்பான சிரிப்பு.

"வாம்மா, வா! நம்ம வீட்டுப் பொண்ணு. இத்தனூண்டு இருக்கும்போது ஸ்கூல் பையோட இங்க வந்து உக்காந்திருக்கும். இப்ப நமக்கே விலை போட வந்திருக்கு பாரு!"

விமானத்தை நிறுத்திவைக்கும் ஹாங்கரின் மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்த அறை. தன் நாற்காலிக்கு எதிர் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். குளிர்காற்று அவள் முகத்துக்கு நேராக வரும்படி பொத்தானைத் திருகினார். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அச்சு! பாப்பாவுக்கு டீ கொண்டா!"

அச்சு என்றால் அவள் அப்பா. பத்தாவதோடு படிப்பு நின்றுபோன மனிதர். ஆனால் எழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும். விமானத்தில் எந்த வேலை நடந்தாலும், ஒரு திருகாணி மாற்றினாலும், அது லாக் புக்கில் ஏற வேண்டும். கையெழுத்துப் போடும் உரிமை உரிமம் வைத்திருக்கிற இன்ஜினியருக்குத்தான். அந்த இன்ஜினியரின் எழுத்தோ அவருக்கே புரியாது. அதனால் பதினேழு வருடமாக இன்ஜினியர் வாயால் சொல்ல, அப்பா எழுதுவார், இன்ஜினியர் கீழே கிறுக்குவார். அப்படி வந்த பெயர் அச்சு. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

அப்பா டீயைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மகளுக்கு முன்னால் குனிந்து வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முதலாளி உட்கார்ந்திருந்தார், அவள் உட்கார்ந்திருந்தாள், அப்பா தட்டோடு நின்றார். அறையில் மூன்றாவது நாற்காலி சுவரோரம் காலியாகத்தான் கிடந்தது. அவள் எழுந்துகொண்டாள்.

"உக்காரும்மா. ஏன் எந்திரிக்கிற?"

"விமானத்தை நின்னுட்டுத்தானே சார் பார்க்கணும்."

முதலாளி பெரிதாகச் சிரித்தார். "வாய் மட்டும் யார்கிட்ட இருந்து வந்ததுன்னு தெரியல. இவன் வாயைத் தொறந்தே நான் பார்த்ததில்ல. உங்க சார்கிட்ட நான்தான் சொன்னேன். 'வேற யாரும் வேணாங்க, நம்ம அச்சு பொண்ணையே அனுப்புங்க, வளர வேண்டிய புள்ள'ன்னு."

அவள் டீயைத் தொடாமல் தள்ளி வைத்தாள். முதல் வேலை தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது என்றல்லவா நினைத்திருந்தாள்! விமானத்தை விற்கிறவர் ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அறிக்கை கேட்டதோ விற்கிறவர் இல்லை, வாங்குகிறவர்கள். தள்ளி இருக்கிற இன்னொரு பயிற்சிப் பள்ளி. அவர்களுக்கு நம்பிக்கையான விலை வேண்டும், அதனால் வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வெளியாளைத்தான் இந்த மனிதர் 'நம்ம வீட்டுப் பொண்ணு' என்று வாசலில் நின்று கூப்பிடுகிறார்.

"லாக் புக் குடுங்க சார்."

கொடுத்தார். தடியான நீலப் புத்தகம். விமான மதிப்பீட்டில் பாதி வேலை விமானத்தில் இல்லை, இந்தப் புத்தகத்தில்தான். எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது எது பழுதானது, யார் சரிசெய்தார்கள், எதை மாற்றினார்கள். அடிபட்ட விமானம் என்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். புத்தகமே இல்லையென்றால் பாதி போய்விடும்.

இந்தப் புத்தகம் எட்டு வருடத்துக்கு முன் தொடங்கியது. ஒரு அடி இல்லை, ஒரு விபத்து இல்லை, சட்டைக் கசங்கல்கூட இல்லாத விமானம். எட்டு வருடமும் அப்பாவின் அச்செழுத்து. அவள் பக்கங்களைப் புரட்டினாள். சுத்தம். ரொம்பச் சுத்தம். ஹாங்கரில் கிடக்கிற புத்தகம் இப்படி இருக்குமா? அப்பாவின் கை விரல் ரேகைக்குள் கிரீஸ் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. சாப்பாட்டுத் தட்டில்கூடக் கறை விழும். இங்கே ஒரு பக்கத்தில்கூட ஒரு கட்டை விரல் இல்லை.

ஆனாலும் அதை மட்டும் வைத்து என்ன சொல்ல முடியும்? உறை போட்டு வைத்திருந்தோம் என்பார்கள். முதல் பக்கத்துக்கே திரும்பி வந்து வரி வரியாகப் பார்த்தாள். எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. பதினேழாம் தேதி. எண்ணெய் மாற்றம். பறந்த நேரம் 27 மணி.

ஏழுக்கு நடுவில் கோடு.

அவள் விரல் அங்கேயே நின்றது. அடுத்த வரி. கோடு போட்ட ஏழு. அடுத்த பக்கம். எல்லா ஏழுக்கும் கோடு. குறுக்கே, சின்னதாக, அளவு எடுத்தாற்போல.

அந்தக் கோட்டின் பிறந்த நாள் அவளுக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் கல்லூரி விடுதிக்கு விண்ணப்பித்தபோது படிவத்தை நிரப்பியவர் அப்பா. அவர் ஒன்றுக்குத் தலையில் ஒரு கொக்கி போடுவார். அது பார்க்க ஏழு மாதிரியே இருக்கும். விடுதியிலிருந்து இடம் காலியாகி இருக்கிறது என்று கூப்பிட்டவர்கள், தொலைபேசி எண்ணில் ஏழை ஒன்றாகப் படித்து யாரையோ கூப்பிட்டார்கள். மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்தார்கள். முதல் வருடம் முழுக்க அவள் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பேருந்தில் நின்றாள். விஷயம் தெரிந்த அன்று வீட்டில் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "ஒரு ஏழு எழுதத் தெரியாதா உங்களுக்கு? நடுவுல ஒரு கோடு போட்டா கையா ஒடைஞ்சிடும்?" என்று கத்தினாள். அப்பா ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தார். கோடு போட்ட ஏழாக ஐம்பது, அறுபது எழுதினார். அன்றிலிருந்து அவர் வாழ்க்கையில் கோடு இல்லாத ஏழு கிடையாது.

அன்றிலிருந்துதான். ஆறு வருடமாகத்தான். எட்டு வருடத்துக்கு முன் இந்தக் கோடு எப்படி வரும்?

இந்தப் புத்தகம் எட்டு வருடமாக எழுதப்பட்டதல்ல. நாலு ஞாயிற்றுக்கிழமையில் எழுதப்பட்டது.

"என்னம்மா, எல்லாம் சரியா இருக்கா?" என்றார் முதலாளி.

"எழுத்து அழகா இருக்கு சார்."

"அச்சு எழுத்தாச்சே!"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவை எடுத்தாள். "இன்ஜின் மூடியைத் திறக்கணும்."

"எதுக்கும்மா? நாலு பக்கம் சுத்தி நின்னு போட்டோ எடுத்துக்கோ, போதும். உங்க சார் இதுகூடப் பண்ண மாட்டாரு. அவரு மூஞ்சியையே நான் இங்க பார்த்ததில்ல, அறிக்கை மட்டும் டாண்ணு வந்துடும்." வெளியே பயிற்சி வகுப்புக்கு மணி அடித்தது. அவர் எழுந்தார். "பசங்களுக்கு ஒரு அரை மணி பேசிட்டு வந்துடறேன். அச்சு, கூட இருந்து பார்த்துக்கோ."

ஹாங்கரில் விமானம் நின்றது. இரண்டே இருக்கை. வெள்ளை உடம்பு, சிவப்புப் பட்டை. முகத்தில் மட்டும் வெள்ளை கொஞ்சம் புது வெள்ளையாக இருந்தது. அப்பா இறக்கைக்குப் பக்கத்தில், கையில் துணியோடு, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் தொலைபேசி அடித்தது. மதிப்பீட்டாளர்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல சார். மூடியைத் திறந்து உள்ள பார்க்கணும். லாக் புக்கு மேல எனக்குச் சந்தேகம் இருக்கு."

"எம்மா, ஒரு நாள்ல பெரிய ஆளாயிடாத. விலையை நான் காலையிலேயே போட்டு வெச்சுட்டேன். நீ போட்டோவைச் சேர்த்து, முத்திரையைக் குத்தி, வாங்கறவங்களுக்கு அனுப்பு. முத்திரை யாருதோ அவங்கதான் அனுப்பணும், அது ஒண்ணுக்காகத்தான் நீ."

"பார்க்காமயே விலை போட்டீங்களா?"

"நான் இருபது வருஷமா பார்த்துட்டேம்மா" என்று வைத்துவிட்டார்.

ஆக, இத்தனை பேர் சேர்ந்து அவள் முத்திரைக்காகக் காத்திருக்கிறார்கள். விமானத்துக்குப் புது வெள்ளை பூசியது போல அவள் பெயரையும் ஒரு பூச்சாகப் பூசப் பார்க்கிறார்கள். கண் எரிந்தது. அழுகை என்று யாராவது சொன்னால் அறைந்திருப்பாள்.

நேராக அப்பாவிடம் போனாள். புத்தகத்தை விரித்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இது என்ன?"

"லாக் புக்."

"இந்த ஏழு என்ன?"

அப்பா பார்த்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்காதவர் போலப் பார்த்தார். பிறகு விளங்கியது. கையிலிருந்த துணி தரையில் விழுந்தது.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஏழுக்குக் கோடு இருந்துச்சாப்பா? இருந்திருந்தா நான் எதுக்கு ஒரு வருஷம் பஸ்ஸுல தொங்கினேன்?"

"மெதுவாப் பேசு."

"பேச மாட்டேன். எங்க அந்தப் பழைய புத்தகம்?"

அப்பா ஹாங்கரின் பின் கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே குப்பை எரிக்கிற பீப்பாய் இருந்தது. "எரிச்சாச்சு."

"யாரு எரிச்சா?"

"நான்தான்."

பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். ஒன்பது வாரத்துக்கு முன் முதலாளியின் மகன், சின்னவர், தனியாக ஓட்டிக்கொண்டு இறங்கினார். சக்கரம் தரையைத் தொட்டுத் துள்ளியது, மறுபடி தொட்டுத் துள்ளியது, மூன்றாவது தடவை முன்சக்கரம் மடங்கி மூக்கு தரையில் குத்தியது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூக்கில் சுழலும் ப்ரொப்பெல்லர் ஓடுபாதையை அறைந்தது. அவருக்கு நெற்றியில் இரண்டு தையல். சின்னவர் பைலட் உரிமத்துக்குக் காத்திருக்கிறார், வெளியே தெரிந்தால் போச்சு. வேறு ப்ரொப்பெல்லர் வாங்கி மாட்டினார்கள். தகடுகளை நிமிர்த்தி வர்ணம் அடித்தார்கள். புது ப்ரொப்பெல்லரின் எண் பழைய புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. பக்கத்தைக் கிழிக்க முடியாது, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்ட புத்தகம். அதனால் முழுப் புத்தகமும் புதிதாகப் பிறக்க வேண்டியதாயிற்று. இன்ஜினியர் ஒரே உட்காரலில் அத்தனை வரிக்கும் கிறுக்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

"இன்ஜினைப் பிரிச்சுப் பார்த்தாங்களா?"

அப்பா குனிந்து துணியை எடுத்தார்.

"பிரிச்சாங்களா இல்லையா?"

"இல்ல."

"உங்களுக்குத் தெரியாதா? ஓடற ப்ரொப்பெல்லர் தரையில அடிச்சா அந்த அடி முழுசும் இன்ஜினுக்குள்ள அதைச் சுத்த வைக்கற கிராங்க் ஷாஃப்டுக்குத்தான் போகும். முடி மாதிரி ஒரு விரிசல் விட்டிருந்தாலும் வெளியே தெரியாது. நல்லாத்தான் ஓடும். பத்து மணி நேரமோ நூறு மணி நேரமோ ஓடிட்டு, ஒரு நாள் மேல ஏறும்போது பட்டுன்னு போயிடும். வாங்கறது யாரு? இன்னொரு ஸ்கூல். அதுல உக்காரப் போறது யாரு? பதினெட்டு வயசுப் பசங்க."

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?" அப்பாவின் குரல் இப்போதுதான் உயர்ந்தது. "பதினேழு வருஷமா இதுக்கு நடுவுல கிடக்கறேன். நீ ரெண்டு வருஷமாப் படிச்சதை எனக்குச் சொல்றியா? எழுத மாட்டேன்னா வீட்டுக்குப் போன்னாரு. இந்த வயசுல எவன் எனக்கு வேலை குடுப்பான்? நீ குடுப்பியா? எல்லாம் யாருக்காகச் செஞ்சேன்? உனக்காகத்தானே!"

"அதை மட்டும் சொல்லாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. "இதுக்கு என் பேரை இழுக்காதீங்க. நான் கேட்டேனா? நாளைக்கு ஒரு பையன் கீழே விழுந்தான்னா அதுவும் எனக்காகத்தானா? உங்க எழுத்து வேணும்னு சொன்னவுடனே உள்ளுக்குள்ள குளுந்து போயிட்டீங்க. பதினேழு வருஷமா உங்க எழுத்து அவங்களுக்குத் தெரியும். உங்க பேரு என்னன்னு முதலாளிகிட்டக் கேளுங்க, சொல்றாரான்னு பார்ப்போம்!"

அப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கை எங்கே போவது என்று தெரியாமல் இறக்கையின் மேல் இறங்கியது. அடித்த மாதிரியும் இல்லை, பிடித்துக்கொண்ட மாதிரியும் இல்லை.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றார்.

"எழுதப் போறேன்."

"என் பேரைப் போட்டா?"

"போட்டுத்தான்."

"என்னை மாட்டி விடப் போற."

"நீங்க ஏற்கனவே மாட்டியாச்சுப்பா. நான் எழுதலைன்னா மாட்டலைன்னு நெனைக்கிறீங்களா? இது விழுந்தா விசாரணை வரும். அப்ப முதலாளி என்ன சொல்வாரு? 'எனக்கு என்னங்க தெரியும், புத்தகம் எழுதறது அச்சு'ம்பாரு. இன்ஜினியர், 'எழுதிக் குடுத்தான், நம்பிக் கையெழுத்துப் போட்டேன்'ம்பாரு. முழுப் புத்தகத்துலயும் யாரு எழுத்து இருக்கு? எழுதச் சொன்னவன் எழுத்து ஒண்ணு இருக்கா? அன்னிக்கு உங்க பேரைத் தேடி எடுப்பாங்க. முழுப் பேரும் போடுவாங்க."

அப்பா விமானத்தின் மூக்கைப் பார்த்தார். அந்தப் புது வெள்ளையை அடித்ததும் அவர்தான் என்பது அவர் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. பிறகு மேல் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். ஒவ்வொரு திருகாகக் கழற்றித் தொப்பியில் போட்டார். இன்ஜின் மூடியைத் தூக்கினார்.

இன்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவே நிற்கும் தகட்டுச் சுவர் கீழ்ப்பக்கம் சுருங்கியிருந்தது, நனைந்து காய்ந்த அட்டை போல. நிமிர்த்தப் பார்த்திருக்கிறார்கள், நிமிரவில்லை. அந்தச் சுருக்கத்தின் மேலேயே வரிசையாகப் புது ரிவெட்டு ஆணிகள்.

"ஒம்பது" என்றார் அப்பா. "ஒம்பது ரிவெட் மாத்தினேன். இந்தப் பக்கம் நின்னு எடு, நிழல் விழாது."

அவள் எடுத்தாள். தெளிவில்லாத படங்களை அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

"அந்தப் பழைய ப்ரொப்பெல்லர்?"

அப்பா வர்ண டப்பாக்களை நகர்த்தினார். பின்னால் தார்ப்பாயில் சுற்றி அது கிடந்தது. நுனி இரண்டும் பின்பக்கமாகச் சுருண்டு, செத்த பூச்சியின் கால் மாதிரி இருந்தது. "பழைய இரும்பு வண்டிக்காரன் வர வேண்டியது. வரல" என்றார். அடியில் பதித்த எண்ணைத் துணியால் துடைத்துக் காட்டினார். அந்த எண்ணோடு இந்த விமானம் பிறந்தது என்பதற்கு அதைச் செய்த கம்பெனியில் பதிவு இருக்கும். அதை எந்தப் பீப்பாயிலும் எரிக்க முடியாது.

முதலாளி திரும்பி வந்தபோது மூடி தரையில் கிடந்தது. அவள் இறக்கையை மேசையாக்கி மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்னம்மா இது? யாரைக் கேட்டுத் திறந்தீங்க?"

"விலை போட வந்தேன் சார். விலை போட முடியலை. இது அடிபட்ட விமானம், புத்தகம் திருப்பி எழுதினது, இன்ஜினைப் பிரிச்சுப் பார்க்கற வரைக்கும் யாரும் இதுல ஏறக் கூடாது. அதைத்தான் எழுதறேன்."

"நம்ம வீட்டுப் பொண்ணுன்னு நெனைச்சுத்தானே உன்னை வரச் சொன்னேன்!"

"உங்க வீட்டுல எங்கப்பா எந்த ரூமுல சார் இருக்காரு?" என்றாள் அவள். "எங்க சாரைக் கேட்டா ஹெல்பர்லாம் உறவுல சேர மாட்டாங்கறாரு. உங்களைக் கேட்டா நான் வீட்டுப் பொண்ணுங்கறீங்க. ரெண்டு பேரும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அது வரைக்கும் நான் உள்ளதை எழுதிக்கறேன்."

பையிலிருந்து அறிக்கையின் கடைசிப் பக்கத்தை எடுத்தாள்; உறவு கிடையாது என்கிற அந்த வரி அதில் இருந்தது. அதைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே எழுதினாள். 'உறவு உண்டு. இந்தப் பதிவேட்டை எழுதியவரின் மகள் நான். இது தெரிந்தே என்னை அனுப்பினார்கள். வேறு ஒருவரை வைத்தும் சோதித்துக்கொள்ளவும்.' எழுதி முடித்ததும் அவள் மூன்று வாரத்து முத்திரைக்கு ஆயுசு எவ்வளவு என்று அவளுக்கே தெரிந்துபோயிற்று.

முதலாளி அவளை விட்டுவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்தது, தேன் ஒழுகியது. "அச்சு. சின்னப் பொண்ணு, ஆத்திரத்துல ஏதோ பண்ணுது. நீ பெரியவன் இல்லையா? புத்தி சொல்லு."

அப்பா மகளிடம் கை நீட்டினார். "ஒரு தாள் குடு. பேனாவும்."

இறக்கையின் மேல் தாளை வைத்து, ஒரு கையால் அழுத்திக்கொண்டு எழுதினார். எட்டு வருடப் பதிவையும் நான் ஒரே மாதத்தில் எழுதினேன். எழுதச் சொன்னவர் இன்னார். பழையதை எரிக்கச் சொன்னவரும் அவரே. ஓட்டியவர் இன்னார், நாள் இது, நேரம் இது. அச்சடித்தாற்போல வரி வரியாக விழுந்தது. கிரீஸ் கட்டை விரல் தாளின் ஓரத்தில் பதிந்தது.

"அச்சு, அதுல கையெழுத்துப் போட்டேன்னா நாளையிலருந்து இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. பதினேழு வருஷம், யோசிச்சுக்கோ."

அப்பா யோசித்தார். பேனா நின்றது. அவர் நெற்றியில் வியர்வை கோர்த்ததை மகள் பார்த்தாள். பேசக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் கையெழுத்துப் போட்டார். சம்பளச் சீட்டில் இருக்கிற முழுப் பெயர். போட்டுவிட்டுத் தேதி எழுதினார். பதினேழு.

ஏழை எழுதிவிட்டு நிறுத்தினார். மகளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாசம் மருந்துக்கும் இல்லை.

"போதுமா? சந்தோஷமா இப்ப?"

"இல்ல" என்றாள். "கோடு போடுங்க."

போட்டார். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது. அந்தத் தாளை அப்படியே படம் எடுத்து அறிக்கையோடு சேர்த்தாள். கடைசிப் பக்கத்தில் முத்திரையைக் குத்தி, அதையும் படமாகச் சேர்த்து, வாங்குகிறவர்களுக்கு அனுப்பினாள்.